மூன்று வரிக்கு மேல் நான் வாசித்தது

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம், அதாவது பேனா பிடிக்கிற அளவுக்கு நலம். நீ அங்கே நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவின் நலத்தையும் இந்த இடத்தில் எழுதுவதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை அதை நீதான் எனக்கு எழுத வேண்டும், ஏனென்றால் அவள் இங்கே இல்லை. நேற்று, புதன்கிழமை காலை, பதினொன்று பத்து வண்டியில் ஏறிவிட்டாள். தனியாக. உன்னைப் பார்க்க உன் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறாள். நீ போட்ட மூன்றாவது கார்டில் விலாசம் எழுதி, அதற்குக் கீழே 'உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும்' என்று எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருந்தாய். யாருக்கும் உயிர் போகவில்லை, எனக்குத்தான் போய்ப் போய் வருகிறது, அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. என்னைத் திட்ட வேண்டிய இடங்கள் நடுவில் நிறைய வரும், அங்கங்கே நிறுத்தித் திட்டிவிட்டு மேலே படி.

நேற்று நான் ஸ்டேஷனில் பயணிகள் பையை விட்டுப் போகிற நம் கிளாக் ரூமிலிருந்து டீ குடிக்கப் போயிருந்தேன். உனக்குத் தெரியும், பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போய் முக்கால் மணி நேரம் ஆகிற டீ. திரும்பி வந்தால், என்னோடு கவுண்டரில் உட்காருகிறவன், எதற்கெடுத்தாலும் ரூல் பேசுகிறான் என்று நீதானே 'சட்டம்' என்று பேர் வைத்தாய், அவன் மூன்றாவது ரேக்கில் ஒரு நீலப் பையை ஏற்றிக்கொண்டிருந்தான். பை தெரிந்த பையாக இருந்தது. பூட்டு அதைவிடத் தெரிந்த பூட்டாக இருந்தது. எனக்குச் சர்க்கரை டப்பா எட்டக் கூடாதென்று உன் அம்மா சமையலறை அலமாரியில் போட்டு வைத்திருக்கும் பூட்டு. என்னடா இது என்றேன். "அண்ணி வந்துட்டுப் போனாங்கண்ணே. பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டேன்னேன், கைப்பையிலேருந்து பூட்டை எடுத்து மாட்டிட்டாங்க. முப்பது நாள் போடுன்னாங்க, போட்டேன். டோக்கன் வாங்கிக்கிட்டு வண்டி ஏறிட்டாங்க" என்றான். எந்த ஊருக்குடா, ஏண்டா தனியாக விட்டாய், அவளுக்குக் கண் தெரியாது என்று உனக்குத் தெரியாதா என்று கத்தினேன். "டிக்கெட் இருந்துச்சு, பூட்டு இருந்துச்சு. இதுக்கு மேல என்ன ரூல் இருக்குண்ணே" என்கிறான். அப்புறம்தான் அவள் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னான். பாப்பாவைப் பார்க்கப் போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பா வருவதற்கு முன்னாலேயே அந்தப் படகுத்துறை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். "அவர்கிட்ட முன்கூட்டிச் சொன்னா நானும் வர்றேன்னு நிப்பாரு. அவரைக் கூட்டிட்டுப் போறதுக்கு இன்னும் ரெண்டு பையைத் தூக்கிட்டுப் போகலாம்" என்றாளாம். இந்தப் பையையும் கடைசி நிமிடத்தில்தான் விட்டிருக்கிறாள். "தனியாப் போறவங்க ஒரு பையோடதான் போகணும்னு பாப்பா எழுதியிருக்கா" என்று காரணம் வேறு சொல்லியிருக்கிறாள்.

நீ எங்கே அப்படி எழுதினாய், எந்தப் பெஞ்சு, எந்த ஞாயிற்றுக்கிழமை என்று இப்போது உனக்குக் கேள்வி எழுந்திருக்கும். அங்கேதான் நான் வருகிறேன். பாப்பா, நீ இந்தப் பதினோரு மாதத்தில் எனக்கு ஆறு கார்டு போட்டிருக்கிறாய், எல்லாமே வீட்டுக்கு இல்லாமல் கிளாக் ரூம் விலாசத்துக்கு, என் பேருக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் மூன்று வரி. முதல் கார்டு எனக்கு மனப்பாடம். 'வேலை கிடைத்திருக்கிறது. நலம். தேட வேண்டாம்.' பின்பக்கம் ஒரு படகுத்துறையும் மரப் பெஞ்சும் படமாக இருந்தது. அதை ஓடி வந்து வீட்டில் காட்டினேன். நீ போனபோது உன் அம்மாவுக்கு லேசாக இருந்த கண்புரை இரண்டு கண்ணிலும் முற்றிவிட்டது, சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும் என்று டாக்டர் தள்ளிக்கொண்டே போகிறார், இப்போது அவளுக்கு நிழலும் வெளிச்சமும்தான். கார்டைக் கையில் வாங்கித் தடவித் தடவிப் பார்த்துவிட்டு "என்னைப் பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டாள். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். எழுதியிருக்கிறாளே, அம்மா எப்படி இருக்கிறாள், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாளே என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வரிதான். சத்தியமாக அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன்.

ஆனால் பத்தாவதை இரண்டு தடவை படித்தும் ஒரு பக்கம் கட்டுரை எழுத வராதவன் நான், உன் கார்டைக் கையில் பிடித்தால் மட்டும் ஆறு மாதிரி ஓடினேன். அம்மா தினமும் சாப்பிட்ட பிறகு படிங்க என்பாள், நானும் படிப்பேன். மூன்று வரி மூன்று பக்கமானது. இத்துணூண்டு அட்டையிலா இவ்வளவு எழுதியிருக்கிறாள் என்று ஒருநாள் சந்தேகப்பட்டாள். பொடி எழுத்து, அந்த ஊரில் அதுதான் இப்போது நாகரிகம் என்றேன். சரக்குக்குப் பஞ்சம் இல்லை, கவுண்டரில் பையை வைக்க வருகிறவர்கள் வண்டி வருகிற வரைக்கும் என்னிடம்தானே கதை பேசுகிறார்கள். ஒரு நர்ஸ் அம்மா வருஷா வருஷம் லீவில் தனியாக ஊர் சுற்றுவாள், தனியாகப் போய்ப் பழக முதல் படி ஓட்டலில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சுவரைப் பார்க்காமல் சாப்பிடுவது என்றாள், அன்று சாயங்காலமே அது உன் கார்டில் வந்துவிட்டது. ஒரு பை தத்துவம் ஒரு ரிட்டையர்டு வாத்தியாருடையது. வழி தவறினால் பதறாமல் முதலில் ஒரு இடத்தில் உட்கார வேண்டும் என்பது நில அளவை ஆபீஸ்காரர் ஒருவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்து, பத்து மணிப் படகு போகும் வரைக்கும் டீ குடித்தபடி வீட்டை நினைத்துக்கொள்கிறாய் என்பது மட்டும் என் சொந்தச் சரக்கு. படத்தில் பெஞ்சு காலியாக இருந்தது, உன்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டேன்.

இதில் நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், உன் அம்மா அதையெல்லாம் கதையாகக் கேட்கவில்லை, பாடமாகக் கேட்டிருக்கிறாள். ஒருநாள் நான் வீட்டுக்கு வந்தால் ஆளைக் காணோம். தெருமுனை டீக்கடையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தாள், கடைக்காரரே எழுந்து நின்றுகொண்டிருந்தார், யாரோ மேலதிகாரி சோதனைக்கு வந்த மாதிரி. என்னைப் பார்த்ததும் "பாப்பா சொன்னது சரிதாங்க, முதல் அஞ்சு நிமிஷம்தான் கூச்சம்" என்றாள். அதற்கு அடுத்த மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு நானே போய்க்கொள்கிறேன் என்று டவுன் பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். எத்தனை தடவை பஸ் திரும்புகிறது என்று எண்ணிக்கொண்டே போவாளாம், ஏழாவது திருப்பம் ஆஸ்பத்திரி. அதற்கு முன்னால் என் கையைப் பிடிக்காமல் சாலையைத் தாண்டாதவள். நான் என்ன செய்தேன் தெரியுமா, பெருமைப்பட்டேன். வெட்கமில்லாமல் சட்டத்திடம்கூடப் பெருமை பேசினேன். இவள் எதற்கு ஒத்திகை பார்க்கிறாள் என்று யோசிக்கிற மூளை எனக்கு இல்லை.

நேற்று நானும் பின்னாலேயே கிளம்பினேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி பாசஞ்சரில் ஏறினேன். இருபத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் எந்த வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று வழி சொல்கிறவன், ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன், என் ஆயுளில் நான் தனியாக ஒரு ரயிலிலும் போனதில்லை. டிக்கெட்டை அம்மா வைத்திருப்பாள், இறங்க வேண்டிய இடத்தை அம்மா சொல்வாள், நான் பையைத் தூக்குவேன். எந்த ஜங்ஷனில் மாற வேண்டும், அங்கே எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒன்றும் தெரியாது. மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். பழம் விற்கிற அம்மா "எங்க போகணும் பெரியவரே?" என்று கேட்டாள். பாப்பா, ஊருக்கே வழி சொல்கிற நான் அவளிடம் திரும்பிப் போகிற வண்டி எது என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். பயணத்தால் மனிதன் வளர்கிறான் என்று உன் பேரால் நான் எத்தனை நாள் வாசித்திருப்பேன், என்னுடைய பயணத்தில் ஒரு செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம். நீ கிளம்பிய அன்று 'தனியாப் போனா நாலு நாள்ல அழுதுகிட்டு வந்து நிப்பா பாரு' என்று சிரித்துக்கொண்டே சொன்னேன் இல்லையா, அந்த நாலு நாள் எனக்கு நாற்பது நிமிடமாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பிய அன்று என் இளிப்பாவது போகட்டும், அம்மா வாசலில் நின்று "போனா போனதுதான், இந்த வீட்டுக் கதவு உனக்கு இனிமே திறக்காது" என்று சொன்னாளே, அதற்குப் பிறகு நீ அவளைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை, ஆறு கார்டிலும் இல்லை. உனக்கு இன்னும் ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நீ எல்லாவற்றையும் மறந்துவிட்டாய், அம்மா அம்மா என்று உருகுகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வந்துகொண்டிருக்கிறாள். உன் ஆறு கார்டையும் அவை இருந்த பிஸ்கட் டப்பாவோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், உன் விலாசம் எனக்கு மனப்பாடம் என்பதால்தான் இதை எழுத முடிகிறது. சனிக்கிழமை சாயங்காலம் உன் ஊரில் இறங்கி, பெண்கள் தங்கும் அறை ஸ்டேஷனிலேயே இருக்கிறதாம், அதில் தங்கிவிட்டு ஞாயிறு காலை பெஞ்சுக்கு வருவாள். அந்தப் பெஞ்சில் யாரும் வரவில்லை என்றாலோ, வந்து நீ பழைய முகத்தைக் காட்டினாலோ அவள் என்ன ஆவாள் என்று நினைக்கக்கூட என்னால் முடியவில்லை. அதனால் உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், ஒரே ஒரு காலை, இரண்டு மணி நேரம், நான் வாசித்த பாப்பாவாக இரு. கஷ்டமில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறேன். உனக்கு நீச்சல் தெரியும். நகம் கடிப்பதை விட்டுவிட்டாய். மாடி அறையில் இருக்கிறாய், கதவு பச்சை. ஒரு காது கிழிந்த பூனை வளர்க்கிறாய், பூனை எங்கே என்று கேட்டால் ஓடிப்போய்விட்டது என்று சொல், செத்துவிட்டது என்று சொன்னால் அழுவாள், அவளுக்கு அதன் மேல் ரொம்பப் பிரியம். மூன்றாம் மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது, வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டாள், கவலைப்பட வேண்டாம் என்று

பாப்பா, மேலே உள்ளதைப் பாதியில் நிறுத்தியதற்குக் காரணம் கவுண்டர் போன் அடித்ததுதான். இப்போது மணி இரண்டு. ஒரு மணி நேரமாக இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கிளாக் ரூமா என்று ஒரு பெண் குரல், ஒரு அம்மா பேச வேண்டும் என்கிறார் என்றது. உன் அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் இதுதான். ஜங்ஷனில் இறங்கி, பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனை வாங்கிப் பேசினாள். முதலில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். சர்க்கரை டப்பா திறந்து கிடக்கிறது, எண்ணி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றாள், சர்க்கரையை எப்படி எண்ணினாளோ. அப்புறம் ஜன்னல் சீட்டில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாராம். "இந்தம்மாவுக்கு எங்க படிக்கத் தெரியப்போகுதுன்னு நினைச்சாருங்க. டிக்கெட் கொடுத்த அம்மாவைப் படிச்சுக் காட்டச் சொல்லி எல்லாத்தையும் நெட்டுரு போட்டு வச்சிருந்தேன். பெட்டி நம்பரு, சீட்டு நம்பரு, வண்டி நம்பரு எல்லாம் கடகடன்னு சொன்னேன். வண்டி நம்பரை யாரும் கேக்கவே இல்லையே, அதை எதுக்கும்மா சொல்றீங்கன்னு எழுந்துட்டாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது.

அப்போதுதான் சொன்னாள். "இந்தப் பொண்ணுகிட்ட பாப்பா கார்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேங்க, நேரம் போகட்டுமேன்னு. மூணு வரி படிச்சுட்டு நிறுத்திட்டா. மேல படிம்மான்னேன். அவ்வளவுதாம்மா இருக்குன்னா. ஆறையும் எடுத்துக் கொடுத்தேன். ஆறுலயும் அவ்வளவுதான்." "அதுல நானே இல்லையாமே" என்றாள். என் கையிலிருந்த டோக்கன் கட்டு கீழே விழுந்து உருண்டதைச் சட்டம் பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோ என்று ஆடு மாதிரிக் கத்தியிருப்பேன் போலிருக்கிறது. அழுதியா என்று கேட்டேன். "அழுதேன். சுரங்கத்துக்குள்ள வண்டி போனப்ப அழுதேன். ரொம்ப நீளமான சுரங்கங்க, நல்லவேளை. வெளிய வந்ததும் நிறுத்திட்டேன்" என்றாள். "பூனையுமா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஞாயித்துக்கிழமை பெஞ்சுல வந்து உட்கார்றதும் உங்க கைவரிசையா?" ஆமாம் என்றேன். "பெஞ்சாவது இருக்கா?" படத்தில் இருக்கிறது என்றேன். "அது போதும்" என்றாள்.

திரும்பி வந்துவிடு, அதே ஜங்ஷனில் நம் ஊர் வண்டி நிற்கும், ஏறிவிடு என்று கெஞ்சினேன். "நிக்குதுங்க, எதிர்ப் பிளாட்பாரத்துலயே நிக்குது. இந்தப் பொண்ணு ஏத்தி விடட்டுமான்னு கேட்டா. நான் கொஞ்ச நேரம் ஒரு இடத்துல உட்கார்ந்து யோசிச்சேன். வேண்டாம்னுட்டேன். அவ கூப்பிடுறான்னு நினைச்சுக் கிளம்பினேன், இப்ப கூப்பிடாமலே போறேன், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். அப்படியென்றால் மூன்றாவது கார்டில் விலாசம் இருக்கிறது, அதைக் காட்டிக் கேட்டு நேராக அவள் இருக்கிற இடத்துக்கே போ என்றேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "அவ கதவைப் போய் நான் தட்ட மாட்டேன். கதவு திறக்காதுன்னு சொன்னவ நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தட்டுறது? பெஞ்சுக்குக் கதவு கிடையாது. நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன், ஞாயித்துக்கிழமை பூரா இருப்பேன். வந்தா வரட்டும், வரலேன்னா திங்கக்கிழமை காலை வண்டியில திரும்பிடுறேன்" என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் உனக்கு எழுதிய பதில்கள் ஆறு இருக்கின்றன, நீ எழுத வேண்டாம் என்றதால் ஒன்றையும் அனுப்பாமல், யாரும் கேட்டு வராத சாமான் வைக்கிற கடைசி ரேக்கில் டோக்கன் கட்டி வைத்திருக்கிறேன். அதையும் ஒப்புக்கொண்டேன், இன்றே இதோடு வைத்து அனுப்புகிறேன் என்றேன். "அனுப்பாதீங்க" என்றாள். "அந்த ஆறுலயும் நான் அதைச் சொல்லல. வாசல்ல நின்னு நான் சொன்ன வார்த்தையைப் பத்தி ஒரு வரி சொல்லல. அவதான் எல்லாத்தையும் மறந்துட்டாளேன்னு சௌகரியமா இருந்துட்டேன். இனிமே உங்க கையெழுத்துல வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

அந்த இடத்தில்தான் நான் உடைந்து போனேன் பாப்பா. அவள் மனசு நோகக் கூடாதென்று நான் வாசித்தேன், வாசித்து வாசித்து அவள் உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை நான் தின்றுவிட்டேன். பதினோரு மாதம் உனக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது அது. வண்டிக்கு நேரமாகிறது என்றாள். அந்தப் பெண் வேறு வண்டியாம், உன் அம்மாவை ஏற்றி விட்டுவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறாள், வேண்டாம், கேட்டுப் போய்க்கொள்ள வாய் இருக்கிறது என்று இவள் சொல்லிவிட்டாள். போனை வைக்கும்போது "நீங்க வாசிச்சதுல ஒண்ணே ஒண்ணு நிஜங்க. ஒரு பைதான் சரி" என்றாள். நான் உடனே அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். "அம்மா அப்பவே போயிட்டாங்க சார். நடுவுல நாலு பேர்கிட்ட வழி கேட்டாங்க, பார்த்துக்கிட்டே இருந்தேன், சரியான வண்டியிலதான் ஏறினாங்க" என்றாள். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்போது மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. உன் அப்பா எப்பேர்ப்பட்ட ஆள் என்று நீ தெரிந்துகொள்ள அது அப்படியே இருக்கட்டும். நீச்சல், பூனை, பச்சைக் கதவு எதுவும் வேண்டாம். நடிக்க வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தோடே போ, சத்தம் போட வேண்டுமென்றால் போடு, அவள் அதை வாங்கிக்கொள்ளத்தான் வருகிறாள். ஆனால் போ. வீட்டிலேயே இருந்துவிடாதே. கெஞ்சுகிறேன் பாப்பா, எனக்கு இப்போது கெஞ்சுவதைத் தவிர வேறு வேலை இல்லை. கண் தெரியாதவள், படத்தில் இருக்கிற ஒரு பெஞ்சை நம்பி, தன்னைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதாத மகளிடம் வந்துகொண்டிருக்கிறாள், அதுவும் எல்லாம் தெரிந்த பிறகு. தெரியாமல் வந்தபோது அது என் புளுகு இழுத்துக்கொண்டு போனது. இப்போது வருவது அவளே வருவது. எனக்கு இந்த வித்தியாசம் புரிய ஒரு மணி நேரம் ஆனது, உனக்கு உடனே புரிந்திருக்கும், தனியாகக் கிளம்பிப் போனவள் நீ. இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. அங்கே போய் நீ என்ன ஆனாய், எதற்கு அழுதாய், எதைக் கற்றாய் என்று எனக்கு உண்மையில் ஒன்றுமே தெரியாது. நானே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்ததால் உன்னைக் கேட்கவே தோன்றவில்லை. பயந்திருப்பாய். மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கித் திரும்பாமல் போயிருக்கிறாயே, அதற்கே உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நானும் இன்று வண்டி ஏறலாமா என்று பார்த்தேன், ஆனால் வழியில் அவள் மறுபடி போன் போட்டால் எடுக்க ஆள் வேண்டும், அதனால் இந்தக் கவுண்டரை விட்டு நகர மாட்டேன். டீக்குக்கூடப் போகவில்லை, சட்டம்தான் வாங்கி வந்து கொடுக்கிறான். அவளுடைய நீலப் பை மூன்றாவது ரேக்கில் அப்படியே இருக்கிறது. நான் தொடவில்லை, டோக்கன் அவளிடம் இருக்கிறது. விரைவு அஞ்சலில் நாலு மணிக்குள் போட்டால் சனிக்கிழமை மதியம் உன் கையில் இருக்கும் என்று எங்கள் கவுண்டருக்கு எதிர் ஜன்னலில் இருக்கிற அஞ்சலக அம்மா சொல்கிறாள், இரண்டு தடவை கேட்டுவிட்டேன், மூன்றாவது தடவை கேட்டபோது முறைத்தாள். அதனால் முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். நகம் கடிக்கிறாயா என்று தெரியாது, கடித்தால் கடித்துக்கொள். எங்கே இருந்தாலும், எங்கள் மேல் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், போகிற வழியெல்லாம் உனக்கு நல்லவர்களாகவே எதிரில் வர வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசீர்வாதம்.

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிப் படகுக்கு முன்னால். அப்படி ஒரு படகு இல்லை என்றாலும் பத்து மணிக்கு முன்னால். நீ விட்டுப்போன சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டிருப்பாள். இடது கண்ணில் அவளுக்கு இப்போது நிழல்கூடச் சரியாகத் தெரிவதில்லை, அதனால் வலது பக்கமாகப் போய் உட்கார். பேசப் பிடிக்காவிட்டால் பேசாமலே உட்கார், யார் வந்திருப்பது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடு. மூன்று வரி போதும். நல்லதோ கெட்டதோ, அந்த மூன்று வரியை மட்டும் வாசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கவுண்டரிலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா